எழும்பாத சுவர்

ஆய்வகத்தில் திரை இழுத்துவிட்ட பகல் இருட்டு. நுண்ணோக்கியின் பச்சை ஒளி அக்காவின் கன்னத்தில் விழுகிறது. கண்ணாடித் தகட்டில் இருப்பது கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த ஒரு நாற்றின் வேர்நுனி. அங்கே ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டும். நடுவில் சுவர் எழும்ப, மோட்டார் புரதங்கள் அதற்கான சரக்கைச் சுமந்துகொண்டு நகர வேண்டும். ஒளிரும் புள்ளிகளாகத் தெரியும் அந்தப் புரதங்கள் பாதி வழியில் அப்படியே நிற்கின்றன. குளிர்பெட்டி மட்டும் விடாமல் ரீங்கரிக்கிறது. "சித்தாளுங்க நின்னுட்டாங்கடா. சுவர் பாதியில கிடக்கு," என்கிறாள். நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் தம்பி பெருமூச்சு விடுகிறான். பண்ணையில் நாற்றுகளின் வேரெல்லாம் வீங்கி நின்றுவிட்டதால், கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுவந்தவன் அவன்தான். "அப்ப என் கிணறுதான் காரணம். மூடித் தொலைச்சிடறேன்."

அக்கா அந்தத் தகட்டை எடுக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீரில் வளர்த்த நாற்றின் தகட்டை வைக்கிறாள். திருகைத் திருப்பும் விரல் நின்றுவிடுகிறது. அங்கேயும் புள்ளிகள் அசையவில்லை. "இதுக்கு எந்தத் தண்ணிய ஊத்தினக்கா?" என்று கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் தம்பி வாயில் கவிழ்க்கிறான். "நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணிடா." அவன் கன்னங்கள் உப்பியிருக்கின்றன. தொண்டை அசையவில்லை.