வானத்தில் திறந்த நாற்பது புத்தகங்கள்

"அம்மா, ஒரு விடுகதை. புத்தகத்தைத் திறப்பார், மூடுவார், படிக்கவே மாட்டார். யார்?"

சௌமியாவுக்கு விடை தெரியும். சென்னையில் விமானம் கிளம்பியதிலிருந்து பக்கத்து இருக்கைக்காரர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். போனில் ஒரு புத்தகம், முதல் பக்கம், உடனே அடுத்தது. கேட்கும் புத்தகமானால் இயர்போனில் பத்து விநாடி.

"மெல்லப் பேசு ப்ரியங்கா," என்று மகளை அடக்கினாலும் சௌமியாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏன் அண்ணா, ஒரு கதைகூடவா பிடிக்கல?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "எனக்கு இல்லம்மா. எங்க கட்சால் தீவுப் புள்ளைகளுக்கு. நான் நல்லதம்பி, ரப்பர் தோட்டத்துல வேலை. மெயின்லேண்ட் வந்தா இப்படி ஏத்திட்டுப் போவேன்."

"அதை ஏன் இங்க திறந்து பார்க்கறீங்க?"

"போன தடவை முப்பது கொண்டுபோனேன். புள்ளைக சுத்தி உக்காந்துட்டாங்க. பார்த்தா அட்டைப்படம் மட்டும்தான் இறங்கியிருக்கு, உள்ளே போக நெட்டு கேக்குது. எங்க பக்கம் நெட்டு பாதி நாள் பந்த். ஒரு மாசம் எனக்கு 'அட்டை மாமா'ன்னு பேரு." போனைக் காட்டினார். "இங்கயும் நெட்டு இல்ல. இங்க திறந்தா அங்கயும் திறக்கும். திறக்கலைன்னா போர்ட் பிளேர்லயே சரிபண்ணிட்டுக் கப்பல் ஏறிடலாம்."

இந்தத் தடவை ஏற்றிய நாற்பதில் மீதியை அவர் மறுபடி ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினார்.

நாற்பதாவதும் திறந்தது. நல்லதம்பி தொடையில் தட்டிக்கொண்டார். "ஃபுல் பாஸ். இந்தா பாப்பா, உனக்குப் பிடிச்சதை எடுத்துப் படி. இறங்க இன்னும் முக்கால் மணி இருக்கு."

ப்ரியங்கா போனை வாங்கினாள். "மாமா, நீங்க ஆரம்பம் மட்டும்தானே பார்த்தீங்க? பாதிதான் இறங்கியிருந்தா?"

நல்லதம்பியின் சிரிப்பு நின்றது.

"கடைசிப் பக்கத்தையும் பார்க்கணும்," என்றாள் ப்ரியங்கா.

கதையின் முடிவை யாராவது முன்கூட்டிச் சொல்லிவிட்டால் இரண்டு நாள் பேசாமல் இருக்கிற பெண் அவள். சௌமியா அவள் பக்கம் குனிந்தாள். "எல்லா முடிவும் தெரிஞ்சுபோயிடும்டி. அப்புறம் உனக்குப் படிக்க என்ன மிச்சம்?"

போர்ட் பிளேரில் சக்கரம் தரையைத் தொட்டபோது நாற்பதும் முழுசாகத் தேறியிருந்தன. ப்ரியங்கா நாற்பது முடிவுகளையும் பார்த்துவிட்டிருந்தாள்.