பூச்சில் முடி

வீட்டு ஆய்வறிக்கையில் மாடியறைச் சுவருக்கு மட்டும் சிவப்புக் குறி போட்டிருந்தது. 'பூச்சில் முடி தெரிகிறது.' முதல்முறையாக வீடு வாங்கப்போகும் ரோவெனா, ஆய்வு செய்த டெஸ்மண்டைப் போனில் கூப்பிட்டாள்.

"யாரோட முடிங்க அது?"

"குதிரை முடி, கண்ணு. அந்தக் காலத்துல சுண்ணாம்பு விரிசல் விடாம இருக்கக் கலப்பாங்க. இந்த ஸ்டோக் ஊர்ல பாதி வீட்டுல இருக்கும்."

"அப்போ எதுக்குச் சிவப்பு?"

"அடிக்கடி வெட்டிவிடணும். பழைய வீடுன்னா பராமரிப்பு இருக்கத்தானே செய்யும்?"

வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் கைக்கு எட்டிய வீடு இது ஒன்றுதான். மறுநாள் போய்ப் பார்த்தாள்.

கட்டில் தலைமாட்டுச் சுவரில் பிசுக்கேறிய முடி இடுப்பளவுக்குத் தொங்கியது. கழுவாத தலையின் வாடை. தொட்டாள். வேரடி வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டை விற்கும் ஆக்ராய்ட் தனியாள். தலை முழுக்க வழுக்கை.

"திரைச்சீலை, கார்ப்பெட் எல்லாம் விட்டுட்டுத்தான் போறேன்மா. இதையும்தான்" என்று ஒரு சீப்பை நீட்டினார். பல்லிடுக்கெல்லாம் அழுக்கு அப்பியிருந்தது.

ரோவெனா வாங்கிக்கொண்டாள்.

ரத்தம் குடித்து உப்பிய பேன் ஒன்று அழுக்கிலிருந்து வெளிப்பட்டு, அவள் கட்டைவிரலில் ஏறியது.