மணியின் வாக்கு

அந்தச் சின்ன ஸ்டேஷனில் மணி அடித்தால் வண்டி வந்தே தீரும். தண்டவாளத்தில் படுத்திருக்கும் வெள்ளாடுகூட எழுந்து நகர்ந்துவிடும். பிறகு ஸ்டேஷனை மூடினார்கள். மணி வாயடைத்துத் தொங்கியது.

சில வருஷம் கழித்து, பாரம்பரியச் சின்னம் என்று சாயம் பூசித் திறந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தர் போட்டோவுக்காக மணியை ஓங்கி அடித்தார். மணிக்கு உச்சி குளிர்ந்தது. ஆடு அலறியடித்து எழுந்தது. வண்டி வரவில்லை.

மறுநாளும் அடித்தார்கள். ஆடு அசையவில்லை.

“ஏ வெள்ளச்சி, நான் கத்துறது காதுல விழலையா?” என்றது மணி.

“விழுந்துச்சு அண்ணே. முன்னெல்லாம் நீ சொன்னா வண்டி வரும். இப்ப போட்டோதானே வருது?” என்று அசைபோட்டபடியே சொன்னது ஆடு.

அடுத்த ஆள் மணியருகே வந்து நின்றார். இந்தத் தடவை வாயைத் திறக்கவே கூடாது என்று மணி பல்லைக் கடித்துக்கொண்டது.

அவர் அடித்தார். ஊர் முழுக்கக் கேட்டது.