மரத்துக்கு மரம் சிவப்பு

"மரத்துல சிவப்புப் பெயிண்ட் அடிச்சவன் எவன்? வெளியே வரச் சொல்லு!"

உகோன்வா போட்ட சத்தத்தில், கவுன்சில் வாசலில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி எழுந்து தொப்பியைத் தேடினான். அவளுக்குப் பின்னால் துணிச்சந்தைப் பெண்கள் ஒரு பட்டாளமாய் நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால், நெஞ்சில் கைவைத்தபடி அவள் கணவர் ஒக்வுடிலி.

எல்லாம் அந்த நெஞ்சுக்காகத்தான். வண்டி உதிரிபாகக் கடையில் காலமெல்லாம் ஜெனரேட்டர் புகையைக் குடித்து, பேரம் பேச வந்தவர்களோடு கத்திக் கத்தி, ரத்த அழுத்தம் எகிறிப் போயிருந்தது. மாத்திரைக்கும் மசியவில்லை. "சாயங்காலத்துல மரத்தடியில போய் உட்காருங்க" என்றார் டாக்டர். நைஜீரியாவின் அந்தச் சந்தை ஊரில் பச்சை என்று மிச்சமிருந்தது கடைகளுக்குப் பின்னால் உள்ள குமிழ மரத் தோப்பு ஒன்றுதான். போனார். நிழலில் நாலு பேரோடு காய் நகர்த்தி விளையாடினார். கொஞ்ச நாளில், கருவி பழுதோ என்று நர்ஸ் தட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுத்தம் இறங்கியிருந்தது.

நேற்றுக் காலை பார்த்தால், மரத்துக்கு மரம் சிவப்புப் பெருக்கல் குறி! அந்த ஊரில் சுவரில் அது விழுந்தால் பின்னாலேயே கவுன்சில் புல்டோசர் வரும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒக்வுடிலி அங்கேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

"சோம்டோ அம்மா, போதும். வா போயிடலாம்" என்று முனகினார் இப்போது.

"நீங்க சும்மா இருங்க. உங்க உயிரை வித்துப் பெட்ரோல் பங்க் கட்டப் பார்க்கிறாங்க. நான் சும்மா போகவா?"

சிங்கமுகம் போட்ட சட்டையும் சிவப்புத் தொப்பியுமாகக் கவுன்சில் சேர்மன் அனேக்வே சிரித்துக்கொண்டே வந்தார். பின்னால் மேற்பார்வையாளன் என்டுகா.

"என்னம்மா, காலங்காத்தால? நம்ம தோப்பை யாரு தொடப்போறா?"

"அப்ப அந்தப் பெயிண்ட் வானத்துல இருந்து ஒழுகுச்சா, சீஃப்?"

"ஏதாவது பசங்க விளையாட்டா இருக்கும்."

"விளையாட்டா? நீங்க சொல்லித்தான் அடிச்சேன்னு உங்க என்டுகாவே சந்தையில சொல்லிட்டாரே!"

சேர்மனின் சிரிப்பு நின்றது. கழுத்து நரம்பு புடைக்க என்டுகா பக்கம் திரும்பினார்.

"அடேய் மடையா! தேர்தல் முடியட்டும், அப்புறம் அடின்னுதானே சொன்னேன்? அதுக்குள்ள என்னடா அவசரம்?"

"ஓகா, முதலாளி, என் பிள்ளைங்க மேல சத்தியம், நான் அடிக்கல!" என்டுகா அலறினான். "நீங்க வாங்கித் தந்த டப்பா மூடி கூடத் திறக்காம உங்க கார்லதான் கிடக்கு!"

பெண்கள் போட்ட கூச்சலில் கவுன்சில் கூரைத் தகரம் அதிர்ந்தது. எல்லோர் கையிலும் போன். எல்லாப் போனிலும் சேர்மனின் முகம். தான் இருக்கும்வரை தோப்பில் ஒரு கிளையும் விழாது என்று அத்தனை போன்களுக்கும் அவர் தனித்தனியாகச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

திரும்பி நடக்கும்போதும் ஒக்வுடிலிக்குப் படபடப்பு அடங்கவில்லை.

"நேத்து அதைப் பார்த்ததும் செத்தேன்னுதான் நினைச்சேன். ஆனா ஒண்ணு, எவனோ அவசரக்குடுக்கை முன்னாடியே அடிச்சு வச்சான், திருட்டுத்தனம் வெளியே வந்துச்சு. யாரா இருக்கும்?"

உகோன்வா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தோப்பை விலை பேசறாங்கன்னு சந்தையில காதுல விழுந்துச்சு. நேராக் கேட்டா அந்த ஆளு ஒத்துக்குவாரா? மண்ணெண்ணெய் வாங்கி வச்சிருக்கேன், சோம்டோ அப்பா. அடிச்சதுதான் நான், துடைக்கிறதாவது நீங்க துடைங்க."