மார்டி நோரீன்

"சிஸ்டர், அந்தம்மா மறுபடியும் ஏமாத்துறாங்க!"

கத்தியது நான்தான், ஆஸ்பத்திரி வார்டு நர்ஸ்.

நோரீன் கூசாமல் ஒரு டாமினோ காயைத் தன் ஸ்வெட்டர் கைக்குள் நழுவவிட்டாள். எதிரே சக்கர நாற்காலியில் அவள் கணவர் ரெஜ். பக்கவாதம் வந்து ஐந்து மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷம் பப் அணியின் டாமினோ கேப்டன். ஆட்டத்தில் ஏமாற்றினான் என்று சொந்தத் தம்பியோடு பேச்சை விட்டவர்.

"என்ன முறைக்கிறே? அஞ்சுக்குப் பக்கத்துல அஞ்சுதான் வரணும்னா என்ன, நான் ஆறைத்தான் வைப்பேன். கேட்க உனக்கு வாய் இருக்கா?"

ரெஜின் முகம் சிவந்தது.

எங்கள் நாட்டிங்காமில் சிடுமூஞ்சிகளுக்குப் பெயருக்கா பஞ்சம்? ஸ்ட்ராப்பி, நார்க்கி, ரேட்டி... நர்ஸுகள் நாங்கள் எல்லாவற்றையும் நோரீனுக்கு வைத்துப் பார்த்துவிட்டோம். கடைசியில் நிலைத்தது, இந்த ஊர்க்காரர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் 'மார்டி'.

நான் நேற்று எழுதிக் கொடுத்த புகாரோடு வார்டுத் தலைவி சிஸ்டர் கிளெனிஸ் வந்தார்.

"நோரீன், நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். பேச முடியாத மனுஷனை இப்படிச் சீண்டுறதைப் பார்த்துட்டு இருக்க முடியாது."

"இந்த ஒரு ஆட்டம் மட்டும், சிஸ்டர்." அவள் கெஞ்சி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அவசரமாக இன்னொரு காயைத் தப்பாக வைத்தாள். "ஜெயிச்சுட்டேன்!"

ரெஜின் இடது கை மேஜையில் ஓங்கி இறங்கியது. காய்கள் சிதறின. உதடு கோணியது, துடித்தது.

"மா... மார்டி!"

படம் காட்டியும், பாட்டுப் பாடியும் வராமல், பேச்சுப் பயிற்சியாளரே கையை விரித்துவிட்ட வாயிலிருந்து ஒரு முழு வார்த்தை!

நோரீன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நாற்பத்தாறு வருஷமாப் பார்க்கிறேன், சிஸ்டர். கொஞ்சிக் கேட்டா இவரு வாயே திறக்க மாட்டாரு. கோபம் வந்தாத்தான் பேச்சு வரும். அதான்..."

சிஸ்டர் என் புகாரை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெஜ் பார்க்கும்படியே ஒரு காயை எடுத்து ஸ்வெட்டர் கைக்குள் திணித்தாள்.

"யாரு, நானா மார்டி? எங்கே, இன்னொரு தடவை சொல்லு பார்க்கலாம்!"