இருபத்து நாலு, அப்படியே நிக்குது

சத்தியமாக நடந்தது இது. ஒரு எழுத்து கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"இருபத்து நாலு. அப்படியே நிக்குது!" என்று முணுமுணுத்தபடி பெரியவர் நோட்டில் எழுதினார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு அந்தப்பக்கம், அவருடைய தம்பி கண் திறக்காமல் கிடந்தார்.

உறவினர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்த நர்ஸ், கதவோரம் நின்று பெருமூச்சு விட்டாள். நேற்றுக் காலை வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பெல்லை அழுத்தி, உள்ளே இருந்தவர்களை ஒருவழி பண்ணியவர் அவர். 'அலாரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"இன்னொரு தரம் பெல் அடிச்சா அவரை வெளிய அனுப்பிடுவேன். கூடவே உன்னையும்" என்று தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல்தான் அவள் கை நடுங்க ஒரு நோட்டை நீட்டி, ஒரு புளுகு புளுகினாள். "ஐயா, சுவத்துல சிவப்பா தெரியுது பாருங்க, அது உங்க தம்பியோட நம்பர். இருபத்து நாலுலேருந்து அசையாம நீங்கதான் பாத்துக்கணும்."

அது ஏசியின் எண் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதோடு பெல் வாயை மூடிக்கொண்டது. "நீ போய் சாப்பிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று தம்பி மனைவியை அனுப்பிவைத்தார். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, "எங்க அப்பாவுக்கு எவ்ளோ சார்?" என்று கேட்டார்.

"இங்க எல்லாருக்கும் ஒரே நம்பர்தான். தைரியமா இருங்க."

மாதக்கணக்காக ஏசியிலிருந்து சுவரோரம் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்கூட, அவருக்கு மரியாதை கொடுப்பதுபோல நின்றுவிட்டது.

நாலாம் நாள் தம்பி கண் திறந்தார். "அண்ணன் எங்க? சத்தத்தையே காணோம்" என்பதுதான் முதல் பேச்சு.

நர்ஸுக்கு மனசு உறுத்தியது. வெளியே ஓடி வந்தாள். "ஐயா, திட்டாதீங்க. அது தம்பி நம்பரே இல்ல. ஏசியோடது."

பெரியவர் நோட்டை மூடி அவள் கையில் வைத்தார்.

"நோட்டை நீட்டறப்ப உன் கை நடுங்குச்சேம்மா, அதான் வாங்கிக்கிட்டேன். முப்பது வருஷமா நான் ஏசி மெக்கானிக்."