மேடையில் சொல்ல வேண்டிய பெயர்

"இன்னொரு தடவை சொல்லு. அழறப்போ மூக்கை உறிஞ்சாத, டி.வி.யில கேவலமா தெரியும்," என்றார் மா கும்ஓக்.

ஹேரிம் கண்ணாடியைப் பார்த்துக் கண்ணீர் இல்லாமல் அழுதாள். "நான் இங்கே நிற்கக் காரணம் ஒரே ஒருவர்தான். ரோஜா அழகு நிலையத்தின் மா கும்ஓக் மேடம்."

"பெத்தவங்க, கடவுள் எல்லாம்?"

"உங்களுக்கு அப்புறம், மேடம்."

"அப்படிச் சொல்லு."

சியோலில் அழகிப் போட்டிக்கு எந்தப் பெண்ணும் தானாகப் போய் நிற்பதில்லை. ஏதாவது ஓர் அழகு நிலையம்தான் அவளைத் தயார் செய்து கொண்டுபோய் நிறுத்தும். ஜெயித்தவள் கிரீடத்தோடு மேடையில் அந்த நிலையத்தின் பெயரைச் சொல்வாள். மறுநாள் காலையில் கல்யாணப் பெண்களின் அம்மாக்கள் அந்த வாசலில் வரிசை கட்டுவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மா மேடம் மூன்று மாதமாக ஒரு காசு வாங்காமல் ஹேரிமைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தேய்த்தார் என்றால் நிஜமாகவே தேய்த்தார். வாரம் இரண்டு முறை பொதுக் குளியல் கூடத்துக்கு இழுத்துப் போய், வெந்நீரில் ஊறவைத்து, சொரசொரப்பான பச்சைத் துணியால் அழுக்கு திரிதிரியாக உதிரும்வரை தேய்த்தார். அப்புறம் அரிசி கழுவிய தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய். முகம் வீங்கும் என்று நூடுல்ஸுக்கும் கிம்ச்சிக் குழம்புக்கும் தடை. கோடு விழும் என்று சிரிப்புக்கும் தடை. அந்த நிலையத்தில் சிரிக்க யாருக்கும் காரணம் இல்லாததால் அது ஒன்று மட்டும் சிரமமாக இருக்கவில்லை.

இன்று மாலை இறுதிச் சுற்று. முகப்பூச்சு ஐந்தாவது அடுக்கைத் தாண்டிவிட்டது. 'இயற்கையான பொலிவு' என்று நடுவர்கள் சொல்வதற்கு இன்னும் இரண்டு அடுக்கு பாக்கி. தலைமுடியைச் சிங்கத்தின் பிடரி போலச் சிலுப்பி, ஒரு டப்பா ஸ்ப்ரேயை முழுசாக அடித்திருந்தார். புயல் வந்து ஹேரிம் பறந்தாலும் முடி அசையாது.

"உன்னை ஏன் சேத்துக்கிட்டேன் தெரியுமா? ஆப்பிள் விளையற டேகு ஊர்ப் பொண்ணு நீ. ஆப்பிள் தின்னு வளந்த தோலு, அவிச்சு உரிச்ச முட்டை மாதிரி இருந்துச்சு. உங்கப்பா பேரு, குலம், தோட்டம் எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத்தான் உள்ள விட்டேன். கண்ட குடும்பத்துப் பொண்ணும் இந்த நாற்காலியில உக்கார முடியாது."

"தெரியும், மேடம்."

மா மேடம் தூரிகையோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர் வரிசையில் 'அல்லி அழகு நிலையம்' என்ற சின்னப் பலகை. அதன் கீழே ஒரு பெண் தன் கடை வாசலைத் தானே கூட்டிக்கொண்டிருந்தாள்.

"பாரு அவளை, பெக் சுன்இம். எட்டு வருஷம் என் கடையில வர்றவங்களுக்குத் தலை கழுவிட்டிருந்தவ. இப்ப அவளுக்கும் ஒரு பலகை. இங்கேர்ந்து ஜெயிச்ச ரெண்டு அழகு ராணிக்கும் மேக்கப் போட்டதே தான்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா."

"அவங்கதான் போட்டாங்களா, மேடம்?"

"போட்டா என்ன? கை அவளுது, கடை என்னுது. மேடையில யார் பேரைச் சொல்றாங்களோ அவங்கதான் போட்டவங்க. உலகம் அப்படித்தான்."

"அந்த ரெண்டு பேரும் அவங்க பேரை ஒரு வார்த்தைகூடச் சொல்லலியா?"

"நான் எழுதிக் குடுத்ததுல அவ பேரு இல்ல, சொல்லல. இமையை ஆட்டாத, மை கலையுது."

ஹேரிம் இமையை அடக்கிக்கொண்டாள். "அவங்க எந்த ஊரு, மேடம்?"

"யாருக்குத் தெரியும்? தலை கழுவ வந்தவகிட்ட ஜாதகமா கேப்பாங்க? நீ வாயை மூடு, உதட்டுக்கு வரேன்."

சுன்இம் போனதிலிருந்து மூன்று வருடமாக ரோஜாவுக்குக் கிரீடம் வரவில்லை என்பதை மா மேடம் சொல்லவில்லை. பழைய வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகத் தொடங்கியிருந்தார்கள். போனவாரம் அவருடைய சொந்த நாத்தனாரே போய்விட்டாள். இந்த முறையும் விட்டால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் உதட்டுச் சாயத்தை மூன்று முறை அழித்து, நான்காவது முறையாகப் பூசினார்.

மாலையில் அரங்கின் முன் வரிசையில் பட்டு உடையில் அமர்ந்தார். மடியில் கைக்குட்டை தயார். பெயர் சொல்லப்படும்போது, தான் எதிர்பார்க்கவே இல்லை என்பது போல எப்படி எழுந்து நிற்பது என்று வீட்டிலேயே நான்கு முறை பழகியிருந்தார்.

"முதலிடம், தாக் ஹேரிம்."

மா மேடத்துக்கு உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பழகியிருக்கவில்லை. மேடையில் அந்தப் பெண் கிரீடத்தோடு ஜொலித்தாள். ஏழு அடுக்கில் ஓர் அடுக்குகூட வியர்வையில் கலையவில்லை. நடுவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் "இவ்வளவு வருஷத்துல இப்படி ஒரு தோலை நான் பார்த்ததே இல்ல" என்று சொன்னது மா மேடத்தின் காதிலும் விழுந்தது.

ஒலிவாங்கி ஹேரிமிடம் வந்தது. நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சாமல் அழகாக அழுதாள்.

"நான் இங்கே நிற்கக் காரணம் ஒரே ஒருவர்தான்."

மா மேடம் கைக்குட்டையோடு எழுந்து நின்றார். கேமராவும் அவர் பக்கம் திரும்பியது.

"அல்லி அழகு நிலையத்தின் பெக் சுன்இம் மேடம்," என்றாள் ஹேரிம். "என்னைப் பெற்ற அம்மா."